பெயர் ஓரிடம், இடம் ஓரிடம்

1999 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஹாட்மெயிலைத் திறக்கப் போன பலருக்கு உள்ளே நுழைய வழியில்லை. சர்வர் எரியவில்லை, யாரும் ஊடுருவவும் இல்லை. ஹாட்மெயிலின் கடவுச்சொற்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பாஸ்போர்ட்.காம் என்ற பெயருக்குக் கட்டணம் கட்ட மைக்ரோசாஃப்ட் மறந்துபோயிருந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் பகுதியைச் சேர்ந்த மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் நிரலாளர் விஷயத்தைக் கண்டுபிடித்துத் தன் கிரெடிட் கார்டிலிருந்து 35 டாலர் கட்டினார். அதன் பிறகு ஹாட்மெயில் எழுந்துகொண்டது. உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் இருந்தார்கள். அந்த ஒரு பில்லைக் கவனிக்க ஆளில்லை.

தொழிலுக்கென்று இணையதளம் தொடங்கும் மருத்துவர், ஆடிட்டர், கட்டடப் பொறியாளர், சிறு ஏற்றுமதியாளர் என்று யாரைக் கேட்டாலும் பேச்சு பெரும்பாலும் ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்கும் வாடகை இடத்தைச் சுற்றியே இருக்கிறது. எது வேகம், எது மலிவு, எதில் தள்ளுபடி என்று வாரக்கணக்கில் ஒப்பிடுகிறார்கள். டொமைன் என்ற தளப் பெயர் அந்தப் பேக்கேஜோடு இலவசமாக ஒட்டிக்கொண்டு வருகிறது, வாங்கிக்கொள்கிறார்கள். கவனம் தலைகீழாகச் செலவாகிறது. ஹோஸ்டிங் பிடிக்காவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாற்றிவிடலாம். பெயர் கைவிட்டுப் போனால் விசிட்டிங் கார்டு, கடைப் பலகை, கூகுளில் பல ஆண்டுகளாகச் சேர்த்த இடம், வாடிக்கையாளர் எழுதும் மின்னஞ்சல் முகவரி எல்லாம் கூடவே போகும். இந்த இரண்டையும் தனித்தனியே, பெயரை முதலிலும் இடத்தைப் பிறகும் ஆராய்வதுதான் முறை.

முதல் டாட் காம் பெயரான சிம்பாலிக்ஸ்.காம் பதிவானது 1985 மார்ச் 15 அன்று. அப்போது பெயர்கள் இலவசம். 1995 செப்டம்பரில்தான் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் என்று வசூலிக்கத் தொடங்கியது. 1998இல் ஐகேன் அமைப்பு உருவான பிறகு மூன்று அடுக்கு ஏற்பாடு வந்தது: விதிகளை ஐகேன் வகுக்கும், டாட் காம் முழுவதற்குமான பதிவேட்டை வெரிசைன் வைத்திருக்கும், மக்களிடம் சில்லறையாக விற்பது பதிவு நிறுவனங்களின் வேலை. இந்தியாவின் டாட் இன் பதிவேடு நிக்சி என்ற அமைப்பிடம் இருக்கிறது. 2005 முதல் அது எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. எந்த அடுக்கிலும் பெயர் யாருக்கும் முழு உரிமையாக விற்கப்படுவதில்லை. ஓராண்டு முதல் பத்தாண்டு வரை குத்தகைதான் கிடைக்கும்.

குத்தகை முடிந்த மறுகணமே பெயர் பறந்துவிடாது. டாட் காம் பெயர் காலாவதியானதும் பதிவு நிறுவனம் 45 நாள் வரை சலுகைக் காலம் தரலாம், பலர் அதைவிடக் குறைவாகவே தருகிறார்கள். அதற்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம். அப்போது மீட்க அபராதம் உண்டு, அது பல மடங்காக இருக்கும். கடைசி 5 நாள் யாராலும் தொட முடியாது. ஆறாம் நாள் அது பொதுச்சந்தைக்கு வரும். காலாவதியாகும் பெயர்களைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களின் நிரல்கள் அந்த நொடிக்குக் காத்திருக்கின்றன. பதிவு நிறுவனம் ஒரு மாதம் முன்னும் ஒரு வாரம் முன்னும் நினைவூட்டல் அனுப்பியாக வேண்டும் என்று ஐகேன் விதி சொல்கிறது. ஆனால் அந்தக் கடிதம் போகும் மின்னஞ்சல் எது? பத்து வருடம் முன்பு வேலையை விட்டுப் போன உதவியாளரின் முகவரியாக இருந்தால் விதியால் பயனில்லை.

பெரிய நிறுவனத்தின் பெயரும் கைநழுவலாம். 2015 செப்டம்பரில் குஜராத்தின் கட்ச் பகுதியைச் சேர்ந்த, முன்னாள் கூகுள் ஊழியரான சன்மய் வேத், கூகுளின் டொமைன் விற்பனைத் தளத்தில் கூகுள்.காம் என்ற பெயரே விற்பனைக்கு இருப்பதைக் கண்டு 12 டாலர் கொடுத்து வாங்கிவிட்டார். ஒரு நிமிடம் போல அது அவர் கையில் இருந்தது. கூகுள் விற்பனையை ரத்து செய்து 6,006 டாலர் 13 சென்ட் வெகுமதி கொடுத்தது. கூகுள் என்ற எழுத்துகளை எண்களால் எழுதிய குறும்பு அது. தொகையை அவர் அறக்கொடைக்குத் திருப்பியதும் கூகுள் அதை இரட்டிப்பாக்கியது. கூகுளிடமே விற்பனைத் தளம் இருந்ததால் அதனால் ரத்து செய்ய முடிந்தது. திருச்சியில் ஒரு பல் மருத்துவருக்கு அந்த வசதி கிடையாது.

பெயரைத் தேர்வதில் தமிழர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆங்கில எழுத்தில் நம் பெயர்களுக்கு ஒரே வடிவம் இல்லை. லட்சுமியை நாலு விதமாக எழுதுவார்கள்; ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், ஒருவர் ஒற்றை எல் போடுவார்; டி-க்குப் பிறகு எச் உண்டா இல்லையா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். தொலைபேசியில் ஒருமுறை சொன்னதும் எதிர்முனையில் இருப்பவர் தப்பில்லாமல் அடிக்க வேண்டும். அடிக்க முடியாத பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். இரண்டு எழுத்து வடிவம் சாத்தியம் என்றால் இரண்டையும் பதிந்து ஒன்றை மற்றதற்குத் திருப்பிவிடுவது ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் சொச்சத்தில் முடியும் காரியம். நடுக்கோடு, எண் போன்றவற்றை வாயால் சொல்லிப் புரியவைக்கும் தொல்லைக்காகவே தவிர்க்கலாம்.

அடுத்தது, அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொருவருடையதா என்று பார்ப்பது. பதிவுத் தளம் பெயர் காலியாக இருக்கிறது என்று சொல்வதற்கும் சட்டப்படி அதில் யாருக்கும் உரிமை இல்லை என்பதற்கும் சம்பந்தம் இல்லை. இந்தியாவில் இதற்கு அடித்தளமான தீர்ப்பு சென்னை நிறுவனம் ஒன்றின் வழக்கில் வந்தது. சத்யம் இன்ஃபோவே, சுருக்கமாக சிஃபி, 1999இலேயே அந்தப் பெயரில் சில டொமைன்களைப் பதிந்திருந்தது. 2001இல் இன்னொரு நிறுவனம் ஓர் எழுத்தை மட்டும் இரட்டித்து சிஃப்பிநெட் என்று பதிந்தது. பெங்களூரு சிவில் நீதிமன்றம் தடை விதித்தது, கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது, 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் சிஃபி பக்கம் நின்றது. டொமைன் பெயருக்கென்று தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் வணிகக் குறிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு என்பது அதன் சாரம். ஆகவே பெயரைப் பதியும் முன் வணிகக் குறிப் பதிவகத்தின் இணையத் தேடலில் கால் மணி நேரம் செலவிடுவது நல்லது. டாட் இன் பெயர்த் தகராறுகளுக்கு நீதிமன்றம் போகாமலே நிக்சி மூலம் நடுவரிடம் முறையிட வழி இருக்கிறது.

பெயரின் வாலில் எது இருக்க வேண்டும்? உள்ளூர் வாடிக்கையாளருக்கு டாட் இன், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு டாட் காம், முடிந்தால் இரண்டும். பதில் இவ்வளவுதான். மற்றவை எல்லாம் ஆசை. ஆனால் அந்த ஆசைகள் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதைப் பார்ப்பது சுவாரஸ்யம்.

இரண்டெழுத்து வால்கள் நாடுகளுக்கு உரியவை; நாட்டுக்கு ஆவது வாலுக்கும் ஆகும். யூகோஸ்லாவியா சிதறியது, அதன் டாட் ஒய்யூ 2010இல் மூடப்பட்டது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதும் அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் டாட் ஈயூ பெயர்களை வைத்திருக்கும் தகுதியை இழந்தார்கள். 2021 ஜனவரி முதல் நாள் பல்லாயிரம் பெயர்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தொழில்நுட்பக் கம்பெனிகள் விரும்பி வாங்கும் டாட் ஐஓ, சாகோஸ் தீவுகளைக் கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு உரியது. அந்தத் தீவுகளின் உரிமையை மொரீஷியஸிடம் ஒப்படைக்கப் பிரிட்டன் 2025 மே மாதம் ஒப்பந்தம் செய்தபோது, அந்த வாலை நம்பிய கம்பெனிகள் வரைபடத்தைத் தேட ஆரம்பித்தன. இலவசம் என்று கொடுக்கப்பட்டவற்றின் கதை இன்னும் மோசம். டாட் டிகே, டாட் எம்எல் முதலிய வால்களைக் காசில்லாமல் கொடுத்த ஃபிரீநாம் நிறுவனத்தின் பெயர்கள் மோசடிக்காரர்களின் கூடாரமாயின. 2023இல் மெட்டா வழக்குப் போட்டது. 2024 பிப்ரவரியில் அந்த நிறுவனம் தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது.

தமிழ் எழுத்திலேயே முடியும் நாட்டு வால்கள் மூன்று: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர். பார்க்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் பல இணையப் படிவங்களும் மின்னஞ்சல் சேவைகளும் அவற்றை இன்னும் சரியாக ஏற்பதில்லை. பல இடங்களில் முகவரி ஒரு குறியீட்டுக் குப்பையாக மாறித் தெரியும். கூடுதல் பெயராக வைத்து முதன்மைத் தளத்துக்குத் திருப்பிவிடலாம். தொழிலின் ஒரே முகவரியாக வைப்பதற்கு இன்னும் காலம் வரவில்லை.

வால் நம்பிக்கையின் அடையாளமாகவும் ஆகிவருகிறது. இந்திய வங்கிகள் அனைத்தும் 2025 அக்டோபர் 31க்குள் டாட் பேங்க் டாட் இன் என்ற வாலுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. போலித் தளங்களைப் பிரித்தறிய அது ஒரு வழி.

இனி எந்தப் பதிவு நிறுவனம்? விளம்பரத்தில் 99 ரூபாய்க்கு டாட் காம் என்று வரும்போது ஒரு கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பர் முதல் வெரிசைன் ஒரு பெயருக்கு வாங்கும் மொத்த விலையே 10.26 டாலர், அதாவது 850 ரூபாய்க்கு மேல். முதல் ஆண்டு நஷ்டத்துக்கு விற்பவர் அந்தப் பணத்தை எங்கே எடுப்பார் என்பது இரண்டாம் ஆண்டு பில்லில் தெரியும். பார்க்க வேண்டிய விலை புதுப்பிப்பு விலை மட்டுமே. அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. முகவரி, கைபேசி எண் ஆகியவற்றை மறைக்கும் சேவைக்குத் தனிக் கட்டணம் கேட்டால் வேறு கடை பார்க்கலாம்; பல நிறுவனங்கள் அதை டாட் காம் பெயர்களுக்கு இலவசமாகவே தருகின்றன.

பெரிய பெயரை நம்பினால் போதும் என்றும் சொல்ல முடியாது. கூகுளே நடத்திய டொமைன் சேவையை 2023இல் ஸ்குவேர்ஸ்பேஸுக்கு விற்றுவிட்டது. சுமார் ஒரு கோடி பெயர்கள் கைமாறின. வாடிக்கையாளர்களைக் கேட்டு யாரும் விற்கவில்லை. ஆனாலும் அவர்கள் பெயரை இழக்கவில்லை, வேண்டாம் என்றவர்கள் மாற்றத்துக்கான குறியீட்டை வாங்கிக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போனார்கள். கணக்கு அவரவர் பெயரில் இருந்ததால்தான் அது முடிந்தது.

நம் ஊரில் தவறு நடப்பது இங்கேதான். தளத்தை வடிவமைக்கும் தம்பியோ நிறுவனமோ டொமைனைத் தன் கணக்கில், தன் மின்னஞ்சலில் பதிந்துவிடுவது சகஜம். அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. வேலை சுலபம், அவ்வளவுதான். மூன்று வருடம் கழித்து அவர் துபாய் போய்விடுகிறார், அல்லது தொழிலை மாற்றிக்கொள்கிறார், அல்லது பாக்கித் தொகை பற்றிச் சண்டை வருகிறது. அப்போது பெயர் யாருடையது என்ற கேள்விக்குப் பதிவேடு ஒரே பதிலைத்தான் சொல்லும். 2018இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு பொதுத் தேடலில் உரிமையாளர் விவரம் பெரும்பாலும் மறைந்தே இருக்கிறது. ஆகவே வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. கணக்கின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் யார் கையில், நினைவூட்டல் போகும் மின்னஞ்சல் யாருடையது என்பவைதான் உண்மையான சோதனை. அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. பெயர் முடங்கினால் அதை மீட்கும் கடிதமும் முடங்கிவிடும்.

ஹோஸ்டிங்குக்கு வருவோம். ஒப்பீட்டுப் பட்டியல்களை நம்பி இறங்குபவர் இரண்டு உண்மைகளைத் தெரிந்துகொண்டு இறங்கலாம். முதலாவது, பட்டியல் போடும் தளங்களில் பல, ஒவ்வொரு வாடிக்கையாளரைச் சேர்த்துவிடுவதற்கும் பல பத்து டாலர் கமிஷன் பெறுகின்றன. இரண்டாவது, போட்டியாளர்களாகக் காட்டப்படுபவர்கள் பங்காளிகளாகவே இருக்கலாம். மும்பையின் டைரக்டி குழுமம் வளர்த்த பிக்ராக், ரீசெல்லர்கிளப் இரண்டையும் 2014இல் அமெரிக்காவின் எண்டூரன்ஸ் வாங்கியது. புளூஹோஸ்டும் ஹோஸ்ட்கேட்டரும் அப்போதே அதன் கையில் இருந்தன. 2021இல் எண்டூரன்ஸ் இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து நியூஃபோல்டு டிஜிட்டல் ஆனது. புளூஹோஸ்ட் நல்லதா ஹோஸ்ட்கேட்டர் நல்லதா என்ற விவாதத்தில் யார் ஜெயித்தாலும் பணம் போன இடம் ஒன்றுதான்.

வகைகள் நான்கு என்று வைத்துக்கொள்ளலாம். மலிவானது ஷேர்டு ஹோஸ்டிங். சென்னையின் பழைய ஒண்டுக் குடித்தனம் போல ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள், ஒரே குழாயில் தண்ணீர். பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றால் நம் வீட்டில் தண்ணீர் வராது. வாரத்துக்குச் சில நூறு பேர் பார்க்கும் தொழில்முறைத் தளத்துக்கு இது போதும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அடுத்தது வி.பி.எஸ்., தனக்கென்று பிரித்துக் கொடுக்கப்பட்ட பங்கு; ஆனால் லினக்ஸ் பராமரிப்பு தெரிந்தவர் வேண்டும், இல்லாவிட்டால் பூட்டாத கதவுதான். மூன்றாவது, வேர்ட்பிரஸ்ஸுக்கென்றே பராமரிப்போடு வரும் சேவை. உலகத் தளங்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் வேர்ட்பிரஸ்ஸில் ஓடுவதால் இதற்குச் சந்தை பெரிது. நான்காவதைப் பலர் யோசிப்பதே இல்லை: தரவுத்தளமே இல்லாத நிலைப் பக்கங்கள். அலுவலக முகவரி, சேவைகள், தொடர்பு எண் என்று ஐந்து பக்கம் மட்டும் கொண்ட தளத்தை கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவையில் சொந்தப் பெயரோடு காசில்லாமல் வைக்கலாம். வணிக விற்பனைத் தளங்களுக்கு அதன் விதிகள் இடம் தராது. அப்படிப்பட்டவற்றுக்கு வேறு சேவைகள் இருக்கின்றன. உடைக்க எதுவும் இல்லாத தளத்தை யாரும் உடைப்பதும் அபூர்வம்.

அன்லிமிடெட் என்று விற்கப்படுவதில் வரம்பு எப்போதும் இருக்கிறது. விலைப்பட்டியலில் இல்லாமல் பயன்பாட்டு விதிகளுக்குள் கோப்புகளின் எண்ணிக்கை வரம்பாக, செயலி நேர வரம்பாக ஒளிந்திருக்கும். மாதம் 149 ரூபாய் என்பது போன்ற விளம்பர விலை பெரும்பாலும் சில வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டினால்தான். புதுப்பிக்கும்போது அது இரண்டு மூன்று மடங்காவது வழக்கம். எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் கேட்கும் நிறுவனத்தை அந்தக் காரணத்துக்காகவே ஒதுக்கலாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2015 டிசம்பரிலிருந்தே எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்கிறது. சான்றிதழ் இல்லாத தளத்தைப் பாதுகாப்பற்றது என்று குரோம் 2018 ஜூலை முதல் முத்திரை குத்துகிறது.

சர்வர் எங்கே இருக்கிறது என்பது கௌரவப் பிரச்சினை அல்ல, பௌதிகப் பிரச்சினை. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். நேர்க்கோட்டில் போய்த் திரும்பினாலே 140 மில்லி வினாடி. கடலடிக் கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் 200க்கு மேல். பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்திப் பக்கத்தின் முதல் எழுத்தைக் கொண்டுவர இப்படி மூன்று நடையாவது வேண்டும். மும்பை என்றால் ஒரு நடை 10 மில்லி வினாடியிலிருந்து தொடங்கும். 2016இல் அமேசான் மும்பையில் தரவு மையம் திறந்த பிறகு, இந்திய வாசகருக்கான தளத்தை அமெரிக்காவில் வைக்கக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளரின் தளத்தைப் பார்ப்பவர் ஜெர்மனியின் கொள்முதல் அதிகாரி என்றால் ஃபிராங்ஃபர்ட்தான் சரியான ஊர். வாசகர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வை என்பதே விதி.

99.9 விழுக்காடு இயங்கும் என்ற உறுதிமொழி ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் தளம் படுத்துக்கிடக்க இடம் தருகிறது. அதுகூடப் பெரிய விஷயம் இல்லை. மீறினால் கிடைக்கும் நஷ்டஈடு பெரும்பாலும் அந்த மாதக் கட்டணத்தில் ஒரு பகுதிதான். உண்மையான கேள்வி, தளம் திரும்பி வருமா என்பது.

2021 மார்ச் 10 நள்ளிரவுக்குப் பின் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் எரிந்து சாம்பலானது. லட்சக்கணக்கான தளங்கள் முடங்கின. பாத்தி கூர்த்தாஜ் என்ற வாடிக்கையாளர் நிறுவனம் காசு கொடுத்துக் காப்புப்படிச் சேவையும் வாங்கியிருந்தது. காப்புப்படி வேறிடத்தில் இருக்கும் என்பது ஒப்பந்தம்; இருந்தது எரிந்த அதே கட்டடத்தில். 2023இல் லீல் வணிக நீதிமன்றம் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு கிடைத்தது, எரிந்த தரவு கிடைக்கவில்லை. ஹோஸ்டிங் நிறுவனம் தரும் காப்புப்படியை ஒரு வசதி என்று எடுத்துக்கொண்டு, மாதம் ஒருமுறையாவது முழுத் தளத்தையும் அலுவலகக் கணினிக்கோ வேறு சேவைக்கோ இறக்கிவைப்பது உரிமையாளர் வேலை. இறக்கியதை ஒருமுறை திறந்து பார்ப்பதும்தான். 2021 நவம்பரில் கோடாடி நிறுவனம், தன் வேர்ட்பிரஸ் வாடிக்கையாளர் 12 லட்சம் பேரின் விவரங்கள் ஊடுருவியவர் கையில் சிக்கியதை வெளியிட்டது. அளவு பெரிதாவதால் ஆபத்து சிறிதாவதில்லை.

மின்னஞ்சலை ஹோஸ்டிங்கோடு சேர்த்துக் கொடுப்பதைப் பெரும்பாலும் மறுப்பதே நல்லது. ஷேர்டு சர்வரில் யாரோ ஒருவர் குப்பை அஞ்சல் அனுப்பினால் நம் கடிதமும் ஸ்பேம் பெட்டிக்குப் போகும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புநரின் அடையாளச் சோதனைகளைக் கடுமையாக்கிவிட்டன; ஆகவே எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்று பதிவுகளும் டொமைனில் இருக்கின்றனவா என்று வடிவமைப்பாளரிடம் கேட்பது இன்று அவசியம். கூகுள், மைக்ரோசாஃப்ட், சென்னையில் தலைமையகம் கொண்ட ஜோஹோ ஆகிய எதில் வைத்தாலும் சரி. தளம் இடம் மாறும் நாளில் கடிதங்கள் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும்.

கடைசியாக, வெளியே போகும் வழி. 2024 மார்ச்சில் கூகுள், கடைகளுக்குத் தன் வணிகப் பக்கத்தோடு இலவசமாகக் கொடுத்திருந்த தளங்களை மூடியது. இந்தியாவிலும் பல சிறு கடைகளுக்கு அது ஒன்றே இணைய முகவரி. விக்ஸ் போன்ற தளக் கட்டுமானச் சேவைகளில் கட்டிய தளத்தை அப்படியே எடுத்து வேறு ஹோஸ்டிங்கில் வைக்க முடியாது. பெயரை எடுத்துப் போகலாம், பக்கங்களை மறுபடியும் எழுத வேண்டும். அவசரத்துக்கு அவை உதவும். பத்து வருடம் நடத்தப்போகும் தொழிலுக்கு வேர்ட்பிரஸ்ஸோ நிலைப் பக்கங்களோதான் பாதுகாப்பு. இடம் மாறும்போது புதிய இடத்தில் தளத்தை முழுதாக ஓட்டிப் பார்த்த பிறகே, பெயரைத் தளம் இருக்கும் இடத்தோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவைத் திருப்ப வேண்டும், பழைய கணக்கை ஒரு மாதமாவது உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

பெயரை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றுவதில் மட்டும் இந்தச் சௌகரியம் இல்லை. புதிதாகப் பதிந்த டாட் காம் பெயரை முதல் 60 நாளுக்கு வேறு நிறுவனத்துக்கு எடுத்துப் போகப் பெரும்பாலான பதிவு நிறுவனங்கள் விடுவதில்லை. எனவே நம்பகமான பதிவு நிறுவனத்தில் சொந்தப் பெயரில், சொந்த மின்னஞ்சலில் கணக்கு திறந்து, ஐந்து வருடத்துக்குப் பெயரைப் பதிந்து, தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவிட்டு, அதன் பிறகு ஹோஸ்டிங் விளம்பரங்களைப் படிக்கத் தொடங்குங்கள்.